கடைசி நிறுத்தத்துச் சண்டை

பதினெட்டு வருஷமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். எதையும் லேசில் நம்ப மாட்டேன். அருவிக்கு மேலே யாராவது குழாயைத் திறந்து விடுகிறார்களா என்று மூச்சிரைக்க ஏறிப் பார்த்தவன் நான்.

பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் வாழும் பழைய தெருதான் எங்கள் கடைசி நிறுத்தம். அங்கே ஒரு தையல்காரரும் அவர் மனைவியும், வேனிலிருந்து ஆட்கள் இறங்கி வாசலுக்கு வந்ததும் பிரெஞ்சில் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோரும் சொக்கிப்போய்ப் படம் பிடிப்பார்கள். சுத்த நாடகம் என்று எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் ஒரு பயணி அங்கே குடையை மறந்துவிட்டு வந்தார். எடுத்துவர நான் மட்டும் திரும்பிப் போனேன். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று சத்தமில்லாமல் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

அவர் தையல் மெஷின் முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தம்மா முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கினார். ஒரு பேச்சு இல்லை.

கதவைத் தட்டினேன். குடையைக் கொடுக்க வந்த அந்தம்மா குரலைத் தணித்துக்கொண்டார். "வேன் வந்தாத்தான் இவர் எங்கிட்ட வாயத் திறக்கிறாரு. நாளைக்கும் வருவீங்கல்ல?"

மறுநாள் எனக்கு லீவு. "வர்றேம்மா" என்றேன்.

காலி வேனைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன்.