ஈரத்தரைக்கு அந்தப் பக்கம் ரொட்னி

போன சனிக்கிழமை ஊஸ்டர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சலவைக் கடைக்குக் கணவரின் கோட்டை எடுக்கப் போனேன். உள்ளே ஒரு பெண் கம்பளிப் பாவாடை ஒன்றின்மேல் அயன் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். சூடேறிய கம்பளியின் வாசம் மூக்கில் ஏறியதும் நான் வந்த காரியத்தை மறந்துவிட்டேன். கவுண்டரில் நின்ற பிள்ளை ரசீதை இரண்டு தரம் கேட்டது. எனக்கு அது கோட்டு வாசம் இல்லை, ஸ்னூக்கர் மேசை வாசம். பச்சைக் கம்பளி விரித்த பன்னிரண்டு அடி மேசையை அயன் பண்ணித்தான் இந்தச் சுவிஸ் நாட்டில் என் முதல் சம்பளத்தை எடுத்தேன் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள், நான் பொய் சொல்வது குறைவு.

டீட்டிகோனில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடியில் ஸ்னூக்கர் மண்டபம். காலை ஏழு மணிக்குப் போய்க் கூட்டித் துடைத்து, மேசைகளைத் தூரிகையால் தட்டிவிட்டு வருவது என் வேலை. கோயிலில் ஒருத்தி கேட்டாள், “அங்கை சூதாடுறவையெல்லோ வாறவை?” “ஓம், நானும் தும்புத்தடியோடை சூதாடுறன், வாறியளோ?” என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

முதல் கிழமையே ஒரு கூத்து. மேசையை அயன் பண்ணச் சொன்னார்கள். பருத்திச் சேலையும் வேட்டியும் அயன் பண்ணி வளர்ந்த கை அல்லவா? ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, விரலால் நன்றாகத் தெளித்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. அப்படித்தான் எனக்கு ரொட்னி அறிமுகமானார். மெலிந்த, நெடிய ஆங்கிலேயர், வயது ஐம்பதுக்கு இந்தப் பக்கம். பெட்டியைப் பறித்து, தண்ணீர் படாத மறுபாதியில் தானே இழுத்துக் காட்டினார். தண்ணீர் ஆகாது. கறுப்புப் பந்து நிற்கும் தலைப்பை நோக்கி ஒரே பக்கமாகத்தான் போகவேண்டும், ஆட்டின் முதுகைத் தடவுவதுபோல. நான் நனைத்த இடத்தில் ஒரு மாதமாகப் பந்துகள் குடிகாரர்போலக் கோணி ஓடின. “நல்லதுதான், எந்த மோசமான மேசைக்கும் இனி நான் பயப்பட மாட்டேன்” என்றார். வீட்டில் நான் அவரை ‘ரொட்னி அண்ணை’ என்றே சொல்வேன். என் கணவருக்குச் சிரிப்பு வரும்.

என் ஆங்கிலமும் அவருடைய ஜேர்மனும் ஒரே தரம். ஆனாலும் துடைக்கத் துடைக்க அவருடைய கதை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. நிலக்கரி ஊர்ப் பிள்ளை. தகப்பன் போகும் தொழிலாளர் கிளப்பில் மேசைக்கு எட்டாத உயரத்தில் ஆடத் தொடங்கியவர். இருபது வயதில் தொழில்முறை ஆட்டக்காரர். ஒருமுறை தொலைக்காட்சியில், ஊரே அறிந்த ஒருவரைத் தோற்கடித்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால், அதே இரவில் தவறவிட்ட ஒரு ரோஸ் பந்தைப் பற்றித்தான் அரை மணி நேரம் கதைப்பார். பிறகு ஆட்டம் சறுக்கியது. தரவரிசையின் அடியில் இருப்பவர்கள் தொழில்முறை இடத்தை இழப்பார்கள், அவரும் இழந்தார். சுவிஸ் தாதி ஒருத்தியைக் கல்யாணம் செய்து இங்கே வந்து, பின்னேரங்களில் பார்சல் பிரிக்கும் வேலை செய்தார். காலைகளில் தனியாக இந்த மேசையில் பயிற்சி. ஒவ்வொரு வருடமும் இங்கிலாந்துக்குப் போய், இழந்த இடத்தை மீட்கும் தகுதிச் சுற்றில் ஆடுவார், தோற்பார், வருவார். ஐந்தாவது வருடம் மனைவி சொல்லிவிட்டார், இது கடைசித் தரம் என்று. அவரும் தலையாட்டிவிட்டார்.

அந்த வருடம்தான் மண்டபத்தையும் மூடினார்கள். மற்ற மேசைகள் போய், அவருடையது மட்டும் மிச்சம். அவர் பயணம் போன பிறகுதான் அதைக் கழற்றுவது என்று பேச்சு. ஆனால் போவதற்கு ஆறு நாள் இருக்கையில், ஒரு செவ்வாய் காலை எட்டு மணிக்கு மூன்று பேர் கருவிப்பெட்டிகளோடு படியேறி வந்து நின்றார்கள். கையில் கடதாசி, கடதாசியில் அன்றைய திகதி. யார் எழுதிய பிழையோ தெரியாது.

ரொட்னி அந்தக் கடதாசியை வாசித்தார். “சரி, அவர்களுடைய வேலை அது” என்று சொல்லிவிட்டுத் பந்தடிக்கும் தடியை, தன் கியூவை, இரண்டாகக் கழற்றத் தொடங்கினார். எனக்கு வந்த கோபம் அவர்கள்மேல் இல்லை, இந்த மனிதர்மேல்! முப்பது வருடமாக விடாமல் ஆடிய ஆள், ஒரு கடதாசிக்குக் கியூவைக் கழற்றுகிறதா?

“விசரோ உங்களுக்கு? பூட்டுங்கோ அதை! விளையாடுங்கோ!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்கு விளங்கிற்று. வாளியை எடுத்து வாசலிலிருந்து மேசைவரைக்கும் தரையை நனைத்தேன். மஞ்சள் நிற ஈரத்தரைப் பலகையை நடுவாசலில் நிறுத்தினேன்.

இத்தனை வருடம் துப்புரவு வேலை செய்தவள் சொல்கிறேன், அந்த மஞ்சள் பலகையைத் தாண்டிய சுவிஸ்காரரை நான் கண்டதில்லை. அதிலும் இவர்கள் மேசைக் கம்பளிக்கு அடியில் கிடக்கும் ஐந்து கற்பலகைகளைச் சுமந்துகொண்டு போகவேண்டியவர்கள். வழுக்கி விழுந்தால் காப்புறுதிக்காரன் முதலில் கேட்பது பலகை இருந்ததா என்றுதான். மூவரும் வாசலில் நின்றார்கள். ஈரத்தரைக்கு அந்தப் பக்கம் ரொட்னி குனிந்து சிவப்புப் பந்தை அடித்தார்.

“இன்னும் நாஸ்?” என்று கொஞ்ச நேரத்தால் ஒருவன் கேட்டான். ஈரமா என்றுதான்.

“யா, நாஸ்,” என்றேன். யன்னல்களைச் சாத்திவிட்டு, காய்ந்த இடமாகப் பார்த்து மறுபடி துடைத்தேன். இப்படி நான்கு தரம். அவ்வளவு துப்பரவாக அந்த மண்டபம் ஒருநாளும் இருந்ததில்லை.

ஒன்பதரைக்கு மூத்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொரு மணிக்கு லாங்கன்தாலில் ஒரு பியானோ தூக்குகிற தெர்மீன் அவர்களுக்கு. இந்த ஊரில் தெர்மீன், அதாவது குறித்த நேரம், கடவுளுக்கு அடுத்தபடி. புதிய திகதியாக அடுத்த செவ்வாயை எழுதிவிட்டு, “அதுக்கிடையில் காயுமோ?” என்று என்னைப் பார்த்தார். “காயும்,” என்றேன். மனிதர் சிரிக்காமல் கீழே போனார். படியில் சிரித்த சத்தம் கேட்டது.

எனக்கு வினை பிறகு வந்தது. துப்புரவுக் கொம்பனியில் கூப்பிட்டு, பிழை என்னுடையது என்று ஒரு கடிதத்தில் ஒப்பமிடச் சொன்னார்கள். “தரையைத் துடைச்சது பிழையோ?” என்று கேட்டு, பேனாவைத் தொடாமல் வந்தேன். அத்தோடு வேலை போயிற்று.

ரொட்னி போனார். நானும் கணவரும் கைத்தொலைபேசியில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆட்டம் வென்றார், அடுத்ததும் வென்றார். கடைசி ஆட்டத்தில் இருவரும் சமம், ஒரே ஒரு சுற்றுத்தான் மிச்சம். அதில் தோற்றார்.

“இதுக்கோ வேலையைத் துலைச்சனி?” என்றார் கணவர்.

“ஓம், இதுக்குத்தான். ஆடித் தோத்தவர். கியூவைக் கழட்டிப்போட்டு இருந்து தோக்கேல்லை.”

திரும்பி வந்தவர் மனைவிக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றினார், மறுபடி போகவில்லை. முழுநேரமாகப் பார்சல் பிரித்தார். இரண்டு வருடத்துக்கு முன்னர் இருதயம் நின்று செத்துப்போனார்.

இங்கே செத்தவீட்டு ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றைப் பாதிரியார் வாசிப்பது வழக்கம். நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். பிறந்த ஊர், கல்யாணம், பார்சல் நிலையத்தில் பதினாறு வருடச் சேவை எல்லாம் வந்தது. அதற்குப் பிறகு, “பொழுதுபோக்காக பில்லியர்ட் விளையாடுவதில் விருப்பமுள்ளவர்” என்று ஒரு வரி.

பொழுதுபோக்கு! எழும்பி நின்றுவிட்டேன். கணவர் கையைப் பிடித்து இழுத்தார். “இருங்கோவப்பா,” என்று உதறினேன். எனக்குத் தெரிந்த உடைந்த ஜேர்மனில், எல்லாத் தலையும் திரும்பச் சொன்னேன். “மன்னிக்கவேணும். பொழுதுபோக்கு இல்லை. அதுதான் அவரின்ரை தொழில். பார்சல்தான் இடையிலை வந்தது.”

முன்வரிசையில் இருந்த ரொட்னியின் மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பாதிரியாரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். பாதிரியார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடதாசியில் ஒரு வரியை வெட்டி, மேலே எழுதி, முதலிலிருந்து வாசித்தார். “ரொட்னி. தொழில்முறை ஸ்னூக்கர் ஆட்டக்காரர்.”

அந்த மேல்மாடியில் இப்போது எங்கும் போகாத சைக்கிள்களை மிதிக்கிறார்கள். மேசை எந்த ஊரில் கிடக்கிறதோ, கல்லாக உடைத்துவிட்டார்களோ, கேட்பதற்கு ஆளில்லை. இழந்த இடத்தை உலகம் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. டீட்டிகோன் தேவாலயத்தில், ஒரு கடதாசியில், நாங்கள் கொடுத்தோம்.