விளக்குத் தட்டில் இருந்த குளிசை

போன வருடம், உடுவிலில் எங்கள் கோயில் தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது இது. மகளுக்கு அப்போது நாலு மாதம். இரண்டு பிள்ளைகளையும் சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். உடனே இன்னொரு பிள்ளை தங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பால் கொடுக்கும் தாய்மாரும் போடக்கூடிய கருத்தடைக் குளிசையைக் குடும்பநல மாது தந்திருந்தார். கருப்பை வாசலில் உள்ள சளியை அது தடிப்பாக்கி, விந்தணுவை உள்ளே விடாது. ஆனால் பொல்லாத குளிசை! ஒரு நாளும் விடாமல், ஒரே நேரத்தில் போடவேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் இரண்டு நாளைக்கு வேறு பாதுகாப்பும் தேவை. மறக்காமல் இருக்க, மாலை ஆறரைக்கு நான் விளக்கேற்றும் தட்டில் நெருப்புப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

அன்று நெருப்புப்பெட்டி மட்டும்தான் கிடந்தது. தேருக்காகச் சண்டிலிப்பாயிலிருந்து வந்திருந்த மச்சாளிடம் கேட்டேன். அவர் என் கணவரின் அக்கா, கலியாணம் செய்யாதவர்.

"உதோ? சாமித் தட்டிலை கிடந்ததெல்லே, தேருக்கு மாதத் துடக்குத் தள்ளிப்போடுற குளிசையாக்கும் எண்டு மிச்சம் கிடந்த மூண்டையும் போட்டிட்டன்."

"ஐயோ மச்சாள், அது பிள்ளை தங்காமல் இருக்கப் போடுறது!"

"என்ரை கடவுளே! அதைக் கொண்டுபோய் ஏனடி சாமிக்குப் பக்கத்திலை வைச்சனீ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அடுத்த அட்டையை மறுநாள்தான் கிளினிக்கில் எடுக்க இருந்தேன். கணவரும் கொழும்பிலிருந்து காலையில் வருகிறார். டொக்டர் சொன்னதைச் சொன்னதும் மச்சாளின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குப் போட்டிருந்த சோட்டிச் சட்டையோடேயே என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்துப் பாமசியில் இல்லையாம். கடை கடையாகக் கேட்டுக்கொண்டு, ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் திருநெல்வேலி வரை போய், ஒன்பது மணிக்கு வியர்த்துக் கொட்ட வந்து சேர்ந்தார்.

"இந்தா, விழுங்கு. கடைக்குள்ளை நிண்ட ஆம்பிளையளெல்லாம் என்னை மேலையும் கீழையும் பாத்தாங்கள். பாக்கட்டும்! நீயெல்லோ எங்களுக்கு வேணும்."

தேரன்று மச்சாளுக்குத் துடக்கு வந்தே விட்டது. இந்தக் குளிசை அதைத் தள்ளிப்போடாதுதானே. கோயிலுக்குப் போகமுடியாமல் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் சேத்துக் கும்பிட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினார். வடம் பிடித்தபோது எனக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போதும் ஆறரைக்குச் சண்டிலிப்பாயிலிருந்து போன் வரும். "போட்டிட்டியோ?" "ஓம் மச்சாள்." அவ்வளவுதான் கதை. ஆனால் எனக்காக வெட்கத்தை விட்டு அந்தக் கடைவாசலில் நின்ற மனுசியின் குரலைக் கேட்காமல், எனக்கு அந்தக் குளிசை தொண்டைக்குள் இறங்குவதில்லை.