பெரியசாமியின் தொண்டை

போன வாரம் என் பக்கத்து வீட்டுப் பெரியசாமி மெட்ராஸிலிருந்து திரும்பினார். தெருவே எட்டிப் பார்த்தது. நடந்து வருகிறாரா, தூக்கி வருகிறார்களா?

நடந்துதான் வந்தார்.

பெரியசாமி பனியன் கம்பெனி முதலாளி. வயது ஐம்பத்தெட்டு. மெஷின் இரைச்சலையும் மீறி அவர் ஆட்களைத் திட்டுவது தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும். வாயில் எந்நேரமும் சிகரெட்.

ஆறு மாதத்துக்கு முன் அந்தக் குரல் கம்மியது. கம்பெனியில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை...

மருந்து சொல்ல ஆளா இல்லை? மிளகுப்பால், பனங்கற்கண்டு, ஊத்துக்குளி வெண்ணெய். என் பங்குக்கு நானும் சித்தரத்தை சொன்னேன். ஒன்றரை மாதம் போயிற்று. குரல் வரவில்லை, தொப்பைதான் வந்தது.

"வயசாச்சுங்க. தொண்டையுந்தான் தேயும்" என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மனைவி ருக்மணி விடவில்லை. கம்பெனிக்கே போய், ஆட்கள் முன்னால், "டாக்டர்கிட்ட வர்றீங்களா, நா இங்கயே உக்காந்துக்கட்டுங்களா?" என்றார்.

துணைக்கு நானும் போனேன். டாக்டர் நாக்கை இழுத்துப் பிடித்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாணில் கடுகளவு தடிப்பு.

"வயசாச்சுங்களே, டாக்டர்..."

"அதனாலதானுங்க பாக்கோணும். உடம்புல பழைய செல் போயிப் புதுசு வந்துட்டே இருக்குது. வயசாக ஆக அதுல தப்பு சேருதுங்க. சிகரெட் இன்னும் சேக்குது. என்னைக்காவது ஒண்ணு அடங்காம வளந்துருது. இது ஆரம்பம்தான். குரல் கம்மி, முன்னாடியே காட்டிக் குடுத்துருச்சு."

மெட்ராஸில் துளி சதை எடுத்துப் பார்த்து, கேன்சர் என்றார்கள். பெரியசாமி ருக்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

ஆறு வாரம் கதிர் சிகிச்சை. நம் ஊர்ப் பாஷையில் 'கரண்ட் வைப்பது'. ஊருக்குச் சொன்னது என்னவோ 'டான்சில்'! சொந்தக்காரர்கள் டான்சிலைப் பற்றி உரக்க விசாரித்தார்கள். கம்பெனியை இனி யார் பார்ப்பார்கள் என்று மெதுவாக விசாரித்தார்கள்.

இப்போது தடிப்பு இல்லை. சிகரெட்டும் இல்லை. மாதாமாதம் டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால்? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

நான் பார்க்கப் போனபோது பெரியசாமி காதருகே வந்து, "ஒரு வருசத்துக்குச் சத்தம் போடக் கூடாதுங்களாம். டாக்டர் உத்தரவுங்க" என்றார்.

வாசலில் ருக்மணியிடம் கேட்டேன். "ஒரு வருஷமாம்மா?"

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் ஒரு மாசந்தானுங்கண்ணா சொன்னாரு. மிச்சம் பதினோரு மாசம் நாஞ் சொன்னது."