பெரிய திரையில சின்னப் படம்

கிட்ட வந்து உட்காருங்க, கடலூர் ரோட்டு பஸ் சத்தத்துல நான் சொல்றது காதுல விழாது. பழைய கம்ப்யூட்டர் திரை விக்கிற பொழப்புல ஒரு விசேஷம்: திரை எரியலன்னா ஆளு கடைக்கு வருவான், படம் மங்கலா இருந்தா கண்ணு டாக்டர்கிட்ட போயிடுவான். லேப்டாப்புல பெரிய திரைய மாட்டிட்டு, 'எல்லாம் பெருசா இருக்கு, ஒண்ணும் தெளிவா இல்லையே'ன்னு முழிச்ச உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். நான் அஞ்சாவதோட நின்னவன். தவளக்குப்பத்துல நானும் ஏழுமலையும் கூட்டா கடை வச்சிருக்கோம். நான் விப்பேன், அவன் ரிப்பேர் பாப்பான்.

கண்ணு டெஸ்ட்டு

பனித்திட்டு மீனவக் குப்பத்து செல்வி ஒரு சனிக்கிழமை காலையில ஆட்டோவுல வந்து இறங்கினா. கையில எங்க கடையில வாங்கின பெரிய திரை, தோள்ல லேப்டாப்பு. "பாய், எழுத்தெல்லாம் ஊறின அப்பளம் மாதிரி இருக்கு"ன்னா. வூட்டுலேருந்தே செய்யற ஒரு வேலைக்கு அவ பரீட்சை எழுதிட்டிருந்தா. வானத்துலேருந்து எடுத்த படம் வரும். அதுல இருக்கிற ஒவ்வொரு படகையும் சுத்தி ஓரம் பிசகாம கோடு போடணும். மொத்தம் மூணு பரீட்சை. கோடு தள்ளிப்போச்சுன்னு ரெண்டைத் திருப்பிட்டாங்க. மூணாவது அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போவணும். அதுவும் போச்சுன்னா மறுபடி எறா உரிக்கிற கம்பெனிதான். ஐஸ் தண்ணியில ஊறி ஊறி விரலு புண்ணாப் போற வேலை.

நான் பெரிய மனுசனாட்டம், "கண்ணாடி போட்டுப் பாத்தியாம்மா?"ன்னேன்.

"பத்து வருசம் எறாவுல நரம்பு உருவின கண்ணு பாய் இது. நீங்க உங்க திரையப் பாருங்க!"

கூடையும் மீனும்

ஏழுமலை மாட்டிப் பாத்தான். லேப்டாப்புல தெரியறது பெருசுலயும் அப்படியே வந்துது. "படம் வருதே, இன்னா கொறை?"ன்னான். செல்வி ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தா. "சின்னது காட்டறதையே பெருசும் காட்டுனா, அது எப்பிடிண்ணே சின்னதைத் தாண்டும்? தனித்தனியா விடுங்க." அவனும் செட்டிங்ஸுல போயி பெருசைத் தனியாப் பிரிச்சு விட்டான். அப்புறம் அளவுப் பட்டியலைத் தொறந்தான். அந்தத் திரை குறுக்கால ரெண்டாயிரத்து ஐந்நூத்தி அறுபது புள்ளி காட்டும். திரைக்குப் பின்னாடி ஒட்டின சீட்டுலயே போட்டிருக்கு. பட்டியல்ல ஆயிரத்து இருபத்துநாலுக்கு மேல ஒண்ணுமே இல்ல.

"லேப்டாப்பு பழசும்மா, அதுக்குத் தெம்பு அவ்ளோதான். வேற வாங்கு"ன்னு ஏழுமலை கையைத் தொடைச்சுக்கிட்டான். மணி பன்னெண்டு. அவ முந்தானைய இழுத்துச் சொருகினா.

"ஒரு மீன் நாறுனா கூடையையே கொட்டுவீங்களாண்ணே? ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கலாம், நவுருங்க."

சாமிக்கு வச்ச பொட்டு

முதல்ல எங்க கடையில இருந்த இன்னொரு பெரிய திரையை அவ ஒயருல மாட்டினா. பட்டியல் அதே ஆயிரத்து இருபத்துநாலு. அப்புறம் அவ திரையை எங்க ஒயருல மாட்டினா. ரெண்டாயிரத்து ஐந்நூத்தி அறுபது வந்து நின்னுச்சு! ஏழுமலைக்கு ரோசம் வந்துடுச்சு. "உன் திரையோட நாங்க குடுத்த புது ஒயரும்மா அது! ஆயுத பூஜைக்கு மொத நாளு வந்த சரக்கு!"

செல்வி அந்த ஒயரு முனையை மூக்குகிட்ட கொண்டுபோனா. சந்தன வாசனை. எங்க ஏழுமலை பக்திமான். பூஜை அன்னிக்குக் கடையில ஒரு சாமானையும் விடமாட்டான், எல்லாத்துக்கும் பொட்டு வப்பான். ஒயருக்கு நெத்தி ஏது? சொருகற வாயிலயே சந்தனத்தை அப்பிட்டான். அது உள்ள இருக்கிற ஒரு சன்னக் கம்பி மேல காஞ்சு கட்டியாயிடுச்சு. பெரிய திரை தன்னோட அளவு இன்னான்னு அந்தக் கம்பி வழியாத்தான் லேப்டாப்புக்குச் சொல்லணுமாம். சேதி வரலன்னதும் லேப்டாப்பு எதுக்கு வம்புன்னு சின்னப் படமா அனுப்பியிருக்கு. முப்பது வருச ரிப்பேர்க்காரன் ஊசிய எடுத்து அதைச் சுரண்ட ஆரம்பிச்சான்.

"சாமிக்கே நெத்தியிலதாண்ணே பொட்டு வப்பாங்க. நீங்க தொண்டைக்குள்ள வச்சா அது எப்பிடிப் பேசும்?"

அஞ்சு மணிக்குள்ள

வூட்டுக்குப் போக நேரமில்ல, எங்க கடையிலயே உக்காந்து போட ஆரம்பிச்சா. படகைக் கட்டியிருந்த கயிறு கூட இப்ப தனியாத் தெரிஞ்சுது. நாங்க ரெண்டு பேரும் பின்னாடி நின்னு பாத்தோம். அஸர் தொழுகைக்கே நான் லேட்டாத்தான் போனேன். திரும்பி வந்தப்ப மணி நாலே முக்கால். அவ முடிச்சிட்டா, ஆனா அனுப்பல. இப்படித்தான் போடணும்னு கம்பெனிக்காரங்க முன்னாடியே அனுப்பியிருந்த மாதிரிப் படத்தைத் தொறந்து உத்துப் பாத்துட்டிருந்தா.

"பாய், இவங்க போட்ட கோட்டுலயே தப்பு இருக்கு."

"வேலை குடுக்கறவங்க தப்பை வேலை கேக்கறவ சொல்லுவாளா? சும்மா அனுப்புமா!"

அவ கேக்கல. தன்னோட பரீட்சையை அனுப்பிட்டு, கூடவே அந்த மாதிரிப் படத்துல ஒரு இடத்தைச் செவப்பா வளைச்சுத் திருப்பி அனுப்பினா. கீழ ஒரு வரி எழுதினா: "சார், இது படகு இல்ல, காயப்போட்ட வலை. சந்தேகம்னா பனித்திட்டுல யாரை வேணா கேளுங்க."

அந்த சார் யாரையும் கேக்கல; திங்கக்கெழமையிலேருந்து மத்தவங்க போடுற கோட்டையும் நீயே பாத்துச் சொல்லும்மான்னு வேலையை அவகிட்டயே குடுத்துட்டாரு.