இரண்டு பை ஏழு

என் மகளுக்குக் கம்ப்யூட்டரில் வேலை. யூனிக்ஸில் பழகிய கருவிகளை வேறொரு சிஸ்டத்தில் போட்டுக்கொண்டு போன வாரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஃபைல் இருக்கிறது; ஆனால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று திரை சாதித்தது. கடைசியில் சிரித்தாள்.

"ஃபைல் விலாசத்துல சாய்கோடு திரும்பிப்போச்சும்மா. அங்கே ஒரு பக்கம் சாயணும், இங்கே மறுபக்கம். வழி தப்பிடுத்து, அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சாய்கோடு ஒன்று ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் என் கணவருக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. எங்கள் ஊர் கல்பாத்தியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தோம். குவார்ட்டர்ஸ் காலியாகாததால் தொழிலாளர் குடியிருப்பில், லயம் என்கிற வரிசை வீடுகளில், ஏழாம் லயத்தின் இரண்டாம் வீட்டில், எங்களைத் தங்கவைத்தார்கள். இவள் அன்று கைக்குழந்தை.

ஒரு மழைநாள் மத்தியானம் குழந்தை இருமினாள். நாய் குரைப்பது போலச் சத்தம். பிறகு மூச்சை உள்ளே இழுக்கவே முடியவில்லை. நெஞ்சுக்குழி பள்ளம் விழுந்தது, உதடு நீலம் பாரித்தது. பக்கத்து வீட்டம்மா எஸ்டேட் ஆபீசுக்கு ஓடினாள். என் கணவர் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு, ஜீப் வருகிறது என்று மூச்சிரைக்க வந்து நின்றார்.

வாசலில் காத்திருந்தோம். மூடுபனியில் எதிர் வரிசை வீடுகள்கூடத் தெரியவில்லை. ஜீப் சத்தம் கேட்டது. வந்துவிட்டது என்று குழந்தையின் காதில் சொன்னேன். ஆனால் சத்தம் கீழேயே நின்றுவிட்டது. ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து, வண்டியைத் திருப்புகிற சத்தம். அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏன்னா, போன்ல என்ன நம்பர் சொன்னேள்?"

"ரெண்டு பை ஏழு. வேறென்ன சொல்லுவா?"

எங்கள் ஊரில் அப்படித்தான். முதலில் வீடு, பிறகு தெரு; நடுவில் போடும் சாய்கோட்டைத்தான் பை என்போம். எஸ்டேட்டில் லயம் முதலில், வீடு பிறகு. இரண்டாம் லயத்தின் ஏழாம் வீட்டைத் தட்டிவிட்டு ஜீப் போய்க்கொண்டிருந்தது.

பையாம் பை! அந்த மனுஷனைக் கடித்துக் குதறியிருப்பேன், நேரமில்லை. குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டு தேயிலைச் சரிவில் விழுந்தடித்து இறங்கினேன். அவர் என்னையும் தாண்டிக் கத்திக்கொண்டே ஓடி, நடுரோட்டில் போய் நின்றார். இடிக்காத குறையாக ஜீப் நின்றது.

"ரெண்டாவது லயத்துல ஏழாம் வீடு பூட்டிக் கெடக்குதும்மா. எவனோ வெளையாட்டுக்குப் போன் பண்ணிட்டான்னு நெனச்சோம்" என்றார் ஜீப்பிலிருந்த கம்பவுண்டர். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, டிரைவரின் தோளைத் தட்டினார்.

வழி முழுக்க அவள் வாயருகே காதை வைத்திருந்தேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே செத்துச் செத்துப் பிழைத்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். விடியும்போதுதான் குழந்தை அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் இருவரும் அழுதோம்.

அதன் பிறகு யார் விலாசம் கேட்டாலும் "ஏழாம் லயம், அதிலே ரெண்டாவது வீடு" என்று என் கணவர் நீட்டி முழக்குவார். பை என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

மகள் சாய்கோட்டைத் திருத்தினாள். ஃபைல் திறந்துகொண்டது.

"பாத்தியா? இவ்வளவுதான்."

அவள் முதுகில் கையை வைத்தேன். மூச்சு சீராக ஏறி இறங்கியது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. நீ வேலையைப் பாரு" என்றேன். கையை மட்டும் எடுக்கவில்லை.