போதகர் கேட்காமல் விட்ட கேள்வி

தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் தட்டும் ஓசை எங்கே கேட்டாலும் என் கால்கள் கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போய்விடுகின்றன. இன்று காலை ஆவடியில், பட்டாளத்துக் கொட்டகையில் சாப்பாட்டுக்கு அப்படித்தான் தட்டினார்கள். லாரிப் புழுதிக்கு நடுவே நின்றுவிட்டேன். அந்நாளில் கொரட்டூரில் எங்கள் கூரைக் கோயிலுக்கு அதுதான் மணி. பகலில் அதே கூரையின் கீழ் நான் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். மாலையில் அம்பத்தூரிலிருந்து உபதேசியார் சைக்கிளில் வந்து, ஞானஸ்நானம் பெற விரும்பும் பெரியவர்களுக்கு வேதபாடம் நடத்துவார்.

அவர்களில் ஒரு அக்கா, நாற்று நடுகிறவள். எழுத்து தெரியாது. வினாவும் விடையுமாக மனப்பாடம் செய்யவேண்டிய பாடம் முழுவதையும் நடவுப் பாட்டின் மெட்டில் ஏற்றிவைத்திருந்தாள். கேட்டால் சேற்றில் கால் வைத்து நகர்வதுபோல விடை விடையாக நகர்வாள். "இன்னாய்யா உன் சைக்கிளு, சென எருமையாட்டம் கத்துது? எண்ணெ ஊத்து, மேல கீற சாமிக்கும் காது கீதில்ல?" என்பாள். உபதேசியார் சிரித்துக்கொண்டே பாடத்தைத் தொடங்குவார். ஒரே ஒரு வினாவில் மட்டும் பாட்டு நின்றுவிடும். கிறிஸ்துவை அறியாமல் மரித்தவர்களின் கதி என்ன? நித்திய இருள் என்பது விடை. உபதேசியார் அந்த ஊருக்கு முதன்முதலாக வந்ததற்கு முந்தைய கோடையில், அவளுடைய ஒரே மகன், சின்னப் பிள்ளை, வாந்திபேதியில் போயிருந்தான்.

"அந்த வெயில்ல நீ எங்க இருந்தே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அம்பத்தூர்லதாம்மா."

"கூப்புட்டா கேக்குற தூரம். நீ வராததுக்கு அவனுக்கா தண்டன?"

அன்று அவர் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தார். "வாத்தியாரே, வேதம் காதுல விழாதவனை அவன் மனசாட்சியை வெச்சுத்தான் கடவுள் விசாரிப்பார்னு எங்கப்பா சொல்வார். அந்தப் பிள்ளைக்கு மனசாட்சி முளைக்கவே நேரமில்லை. அவன்மேல என்ன வழக்கு?" அதையே அவளிடம் சொல்லுங்களேன் என்றேன். "சொல்லலாம். நிஜமா இல்லாட்டி?" என்றார். ஏரி எங்களுக்குப் பக்கத்திலேயே கூட வந்தது. எதையும் ஏந்திக்கொள்ளும் தண்ணீர்.

சபையின் முன் எல்லா வினாக்களையும் போதகரே கேட்டு, விடை சரியாக வந்தால்தான் ஞானஸ்நானத் தண்ணீர் தெளிப்பார், அதுதான் வழக்கம். அந்த ஒரு வினாவை மட்டும் விட்டுவிடச் சொல்லிப் பூந்தமல்லியில் இருந்த போதகரிடம் போய்க் கெஞ்சினார் உபதேசியார். போதகர் கல்நெஞ்சர் அல்லர். "எனக்கும் தெரியாதய்யா. ஆனா தெரியாதுன்னு பீடத்துல நின்னு சொல்ல என்னால ஆகாது" என்றாராம். அப்புறம், சரி என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள் அக்கா. விடைகள் தடையின்றி வந்தன. போதகர் அந்த வினாவைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். உபதேசியார் மூச்சு விட்டார், நானும்தான். அவள் விடவில்லை.

"நடுவுல ஒண்ணு வுட்டுட்டியே, ஐயா. தெரியாம வுட்டியா, தெரிஞ்சி வுட்டியா?"

போதகர் கையிலிருந்த புத்தகத்தின் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கிண்ணத்துத் தண்ணீரில் கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் சற்று நேரம் காத்திருந்தாள், விடை வந்துவிடும் என்று நிஜமாகவே நம்புகிறவள்போல. பிறகு தலைமுக்காட்டை இறக்கிவிட்டு வெளியே நடந்தாள்.

ஏரிக்கரை ஏறும் இடத்தில் உபதேசியார் அவளைப் பிடித்தார். எத்தனையோ வேதவசனங்கள் அவருக்குத் தெரியும். "திரும்பி வாம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ அழுவாதய்யா. அவன் இருட்டுன்னா பயப்படுவான். அங்கதான் கீறான்னா, நானும் அங்கியே அவன்கூட இருந்துகினு போறேன். நீ ஊட்டுக்குப் போ."