கொளுத்தாமல் வைத்த ஜீப்

பெரியகுளத்திலிருந்து போன் வந்தபோது, ஒரு கல்யாண வாசல் அலங்காரத்துக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தேன். "சித்தப்பா, அப்பா போயிட்டாக" என்றாள் சென் அண்ணன் மகள் லீலா. கடைசிக் காலத்தில் அண்ணன் அவள் வீட்டில்தான் இருந்தார்.

போடியில் பல் கட்டும் சென் அண்ணனை அறியாத வாய் உண்டா? அவர் கட்டிய பல்லால் ஒரு ஏலக்காய் முதலாளி முழுக் கரும்பைக் கடித்துத் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். பாதிக் கரும்புதான் என்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

அவருடைய தகப்பனார் சீனாவிலிருந்து கல்கத்தா வந்து, பிறகு போடிக்கு வந்து பல் கட்டியவர். கல்லறையும் இங்கேதான். ஆண்டுதோறும் பங்குனிக் கடைசியில் அண்ணனும் நானும் போய்ப் புல் செதுக்கி, ஆரஞ்சும் கோழியும் படைப்போம். காகிதத்தில் துணிமணி செய்து கொளுத்துவோம். கொளுத்தினால் செத்தவருக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் முறை. முதல் முறை நான் காகித வேட்டி செய்து கொண்டுபோனேன்.

"தம்பி, எங்கய்யா பேண்ட்டு போடுற ஆளு."

"அங்கன வெக்கையா இருக்கும்ணே, வேட்டிதான் தோது."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டன.

அன்று சொன்னார்: "எனக்கு நீதான்டா கொளுத்தணும். ஒரு ஜீப்பு செஞ்சு குடு. ஆயுசுக்கும் அடுத்தவன் ஜீப்புல நசுங்கியே எஸ்டேட்டுக்குப் போயிட்டேன்." போன் வந்த அன்று ராத்திரியே காகிதத்தில் ஜீப் செய்தேன். மனம் கேட்காமல் பால்கனியோடு மாடி வீடும் கட்டினேன். சீனாவிலேயே அப்படிக் கட்ட ஆள் கிடையாது. நான்தான் அவருக்குத் தலைமகன் என்று பஜார் முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

அவற்றை வேனில் கட்டிக்கொண்டு பெரியகுளம் போனால், வாசலில் போதகர் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். லீலா என்னைத் தனியே அழைத்தாள்.

"அப்பா ஞானஸ்நானம் வாங்கி ரொம்ப வருசமாச்சு சித்தப்பா. இதெல்லாம் இங்கன கொளுத்த வேணாம்."

"அப்ப வருசா வருசம் என்கூட வந்து கும்பிட்டது?"

"நீங்க அம்புட்டு ஆசையாச் செஞ்சுட்டு வருவீகளாம். சொன்னா மனசு ஒடஞ்சு போவீகன்னாக."

இப்போது மட்டும் என்ன, முழுசாகவா இருக்கிறது? அவர் சாமியை மாற்றியதில் எனக்குக் கோபமில்லை. அவரிடம் பல் கட்டியவர்களே, நீங்களே சொல்லுங்கள்: என்னைச் சிறுபிள்ளைபோல் விளையாட விட்டுப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாமா?

அவர் சொல்லித்தந்த முறை இன்னொன்று உண்டு. கேட்பாரற்ற ஆவிகளுக்கு வீட்டுக்குள் இடமில்லை, தெருவோரத்தில் படைப்பார்கள். "அதுகளும் யாரோ வீட்டு ஆளுகதானடா" என்பார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ரோட்டோரத்தில் அந்த மாடி வீட்டைக் கொளுத்தினேன். புகை மலை உச்சிக்கு ஏறியது. காட்டுத் தீ என்று கொடைக்கானலே பதறியிருக்கும்.

ஜீப்பை மட்டும் கொளுத்தவில்லை. என் கடை அலமாரிமேல் இருக்கிறது. அண்ணன் கொஞ்ச நாள் நடந்தே போகட்டும்.